தை மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணினேன்

"எப்ப முடியும் மேஸ்திரி?" என்று அம்மா கேட்டார். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கரிசல் மனையில், சித்திரை வெயிலில், இன்னும் சுண்ணாம்புக் கோடு கூடப் போடாத மண்ணைப் பார்த்துக்கொண்டே மேஸ்திரி சொன்னார்: "தையில பால் காய்ச்சிரலாம்மா." அம்மாவுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

நான் 11 வருடமாகக் கட்டுமானத் துறையில் திட்டமிடல் பொறியாளர். பெரிய வேலைகளுக்குக் கால அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள அட்டவணைகளைக் கணினியில் ஓட்டியிருக்கிறேன். ஆனாலும் அட்டவணை என்பது எதற்காக என்று எனக்கு முழுசாகப் பிடிபட்டது 1,100 சதுர அடியில் எங்கள் சொந்த வீட்டைக் கட்டியபோதுதான். அங்கே ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எனக்குத் தெரிந்த ஒரு முகம் இருந்தது, ஒரு நாள் தள்ளிப்போனால் யாருக்குக் கூலி இல்லாமல் போகும் என்று தெரிந்தது, எந்தத் தாமதத்துக்கும் யாரிடமும் போய் அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுக்க முடியாது.

மேஸ்திரி தை என்று சொன்னது குத்துமதிப்பு இல்லை. "எப்படிண்ணே கணக்கு?" என்று கேட்டபோது விரல் விட்டு எண்ணினார். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட, பேஸ்மெண்ட் எடுக்க, சுவரு, ரூஃப்பு, பூச்சு, டைல்ஸு, பெயிண்டு, எல்லாம் சேர்த்து எட்டு மாதம். முப்பது வருட அனுபவத்தில் வந்த எட்டு மாதம் அது, நான் கணினியில் போட்டிருந்தாலும் அதே அளவில்தான் வந்திருக்கும். ஆனால் ஆனியில் ஒரு வாரம் வேலை நின்றால் தை நகருமா நகராதா என்று கேட்டால் அந்த எட்டு மாதத்தில் பதில் இல்லை. ஒன்று தள்ளிப்போகும்போது வேறு எதெல்லாம் தள்ளிப்போகும், எதெல்லாம் அசையாமல் இருக்கும், இதைச் சொல்லத் தெரிய வேண்டும். தேதி எழுதிய காகிதம் யாரும் தயாரிக்கலாம்.

அன்று ராத்திரி ஒரு கணக்கு நோட்டை எடுத்து வேலைகளை எழுத ஆரம்பித்தேன். முதலில் 14 வரி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை வீட்டுக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, ஒவ்வொரு வரியையும் வாசித்து "இதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க, இதுக்கு அப்புறம் என்ன செய்வீங்க" என்று மட்டும் கேட்டேன். சாயங்காலத்துக்குள் 63 வரி ஆகிவிட்டது. "ரூஃப்" என்று நான் ஒரே வரியில் எழுதியிருந்தது பலகை அடித்தல், கம்பி கட்டுதல், எலக்ட்ரீஷியன் வந்து பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்தல், பொறியாளர் வந்து கம்பியைச் சரிபார்த்தல், கான்கிரீட் போடுதல், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துதல், பலகையைத் தாங்கும் முட்டு பிரித்தல் என்று ஏழாகப் பிரிந்தது. ஏழில் மூன்று வேலை மேஸ்திரியின் ஆட்கள் செய்வதே இல்லை. எலக்ட்ரீஷியனும் பொறியாளரும் வேறு, கம்பி கட்டுகிறவர் வேறு. ஒரு வேலையை எவ்வளவு சின்னதாக உடைக்க வேண்டும் என்று என்னிடம் பலர் கேட்பார்கள். நான் பார்த்தவரை, கை மாறுகிற இடத்தில் உடைத்தால் போதும். ஒரே ஆள் இடைவெளி இல்லாமல் செய்து முடிப்பது ஒரு வரி. ஒருவர் விட்டு இன்னொருவர் எடுக்கிற இடத்தில் புது வரி. தாமதம் நுழைவது பெரும்பாலும் அந்த இடுக்கில்தான்.

இன்னொன்றும் அன்றைக்குப் புரிந்தது. யாரும் எதுவும் செய்யாத நாட்களையும் வேலையாக எழுத வேண்டும். கான்கிரீட் போட்டபின் தண்ணீர் கட்டி வைக்கும் நாள், முட்டு நிற்கும் நாள், பூச்சு நனைக்கும் நாள், இதெல்லாம் பட்டியலில் வராது, ஏனென்றால் அன்றைக்குக் கூலி கொடுக்க ஆள் இல்லை. ஐ.எஸ். 456 என்ற, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறிமுறை, சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. சாம்பல் முதலானவை கலந்த சிமெண்ட் என்றாலும், வெயில் காய்கிற இடம் என்றாலும் 10 நாள். கலப்பு சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டினால் நல்லது என்றும் இருக்கிறது. முட்டுக்கும் அதில் கணக்கு உண்டு: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். எங்கள் கூடத்தில் 5 மீட்டர் பீம் ஒன்று இருந்தது. எட்டாம் நாளே பலகையைப் பிரித்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக மேஸ்திரிக்கு ஆசை. வாடகைப் பலகை, நாளுக்கு நாள் காசு. அவருடைய அவசரம் நியாயமானது. ஆனாலும் அந்த 14 நாளை முன்பே எழுதி வைத்திருந்ததால், வாடகையும் அதற்கேற்பப் பேசி முடித்திருந்ததால், அந்தப் பேச்சு சண்டையாக மாறவில்லை.

வரிகள் எழுதியாகிவிட்டது. அப்புறம் அவற்றைக் கோக்க வேண்டும். இதற்கு நான் பயன்படுத்தியது பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம். ஒரு வேலைக்கு ஒரு சீட்டு வெட்டி, கூடத்துச் சுவரில் ஒட்டி, எது முடிந்தால் எது தொடங்கும் என்று நூல் இழுத்து இணைத்தேன். இந்த இணைப்பில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் கலந்துவிடக் கூடாது. ஒன்று இயற்கை போட்ட கட்டு. லிண்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் ஓடும் கான்கிரீட் பட்டை, இல்லாமல் அதற்கு மேல் சுவர் எழும்பாது, அதை யாராலும் மாற்ற முடியாது. இன்னொன்று நாமே போட்டுக்கொண்ட கட்டு. "பின்பக்க அறையை முடிச்சிட்டுத்தான் முன்பக்கம் வருவோம்" என்பது பழக்கம், வேண்டுமானால் மாற்றலாம். பின்னால் நெருக்கடி வரும்போது இந்த இரண்டாவது வகையில்தான் நமக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அதனால் முதல்வகைக்குச் சிவப்பு நூல், இரண்டாவதுக்கு வெள்ளை நூல் போட்டேன்.

எல்லாக் கட்டும் கட்டடத்துக்குள்ளேயே இருப்பதில்லை. வங்கிக் கடன் ஒரே தடவையில் வராது, பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப் என்று கட்டத்துக்குக் கட்டம் ஆள் வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணையை விடுவார்கள். அப்படியென்றால் "தவணை வருதல், 10 நாள்" என்பதும் ஒரு சீட்டு, அதிலிருந்து கம்பி வாங்குவதற்கு ஒரு நூல். இதை எழுதாமல் விட்டால் கம்பி ஏன் வரவில்லை என்று கம்பி கட்டுகிறவரிடம் கோபப்பட்டுக்கொண்டு இருப்போம்.

இவ்வளவு செய்தும் ஒரு சீட்டை விட்டுவிட்டேன். வாசல் நிலை.

வைகாசியில், மே 18-ஆம் தேதி வானம் தோண்டினோம். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும், அதனால் ஆழமாகப் போக வேண்டியிருந்தது, இருந்தும் ஜூலை 8-க்குள் பேஸ்மெண்ட் மண் நிரப்பி முடிந்தது. கணக்குப்படி எல்லாம் சரி. மறுநாள் காலை மேஸ்திரி போன் செய்தார். "தாயி, நிலை எங்க? சுவரு எடுக்கணும்ல." எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. பட்டியலில் "கதவு, நிலை" என்று ஒரே வரியாக எழுதி, தச்சு வேலை என்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியிருந்தேன். கதவு கடைசியில்தான் வரும். நிலை முதலில், சுவர் தொடங்கும்போதே நிற்க வேண்டும், அதைச் சுற்றித்தான் செங்கல் ஏறும். கை மாறுகிற இடத்தில் உடைக்க வேண்டும் என்று நானே மேலே சொன்னேன், இந்த இடத்தில் உடைக்கவில்லை. தச்சர் மரம் பார்த்து, அறுத்து, இழைத்துக் கொடுக்க 20 நாளாவது ஆகும் என்றார். எப்படிப் பார்த்தாலும் ஆகஸ்ட் 1. அதற்குள் ஜூலை 17-இல் ஆடி பிறந்துவிடும். ஆடியில் நிலை வைக்க அம்மா சம்மதிக்க மாட்டார், அவரிடம் வாதாடவும் எனக்கு மனம் இல்லை, அது அவருடைய வீடு. ஆவணி முதல் முகூர்த்தம் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி வந்தது. ஒரு சீட்டை எழுதாததற்கு 40 நாள்.

ஜூன் நடுவிலேயே தச்சரிடம் மரம் சொல்லியிருந்தால் இது எதுவும் இல்லை. ஒரு வேலை எப்போது தொடங்க வேண்டும் என்று பார்க்கிற நாம், அந்த வேலைக்கு வேண்டிய பொருளை எப்போது சொல்ல வேண்டும் என்று பார்ப்பதில்லை. இன்றைக்கும் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

மீட்டது அந்த வெள்ளை நூல்தான். மேஸ்திரியும் நானும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தோம். முன்சுவரைத் தவிர மற்ற எந்தச் சுவருக்கும் நிலை வாசலோடு சிவப்பு நூல் இல்லை. அப்படியானால் பின்பக்கம், பக்கவாட்டு, உள் சுவர் எல்லாவற்றையும் எழுப்பிவிடலாம், முன்சுவரை மட்டும் விட்டுவிட்டு, சேரும் மூலையில் செங்கலை ஒன்றுவிட்டு ஒன்று நீட்டி வைத்துவிட்டால் பின்னால் கோத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். செப்டிக் டேங்க்கும் தண்ணீர்த் தொட்டியும் ஐப்பசியில் செய்வதாக இருந்தன, ஆடியிலேயே இழுத்துக்கொண்டோம், கரிசலில் மழைக்கு முன் குழி தோண்டுவது எப்படியும் நல்லதுதான். கொத்தனாரும் சித்தாள்களும் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் 5-ஆம் தேதி என்று போட்டிருந்த ரூஃப் கான்கிரீட், செப்டம்பர் 20-இல் போட்டோம். 40 நாள் என்று பயந்தது 15 நாளோடு நின்றது.

ரூஃபுக்குப் பிறகு நடந்ததை எண்களோடு சொல்கிறேன், முக்கியப் பாதை என்ற விஷயம் அதில்தான் சுலபமாக விளங்கும். கான்கிரீட் போட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டு 14 நாள். பிரித்துச் சுத்தம் செய்ய 2, இப்போது 16. சுவரை வெட்டி மின்சாரப் பைப் புதைக்க 6, ஆக 22. உள்பூச்சு 20, ஆக 42. பூச்சு நனைத்து விட 7, ஆக 49. தரைக்கு டைல்ஸ் 12, ஆக 61. பட்டி பார்த்துப் பெயிண்ட் 14, ஆக 75. கதவு மாட்ட 4, ஆக 79. இந்தச் சங்கிலியில் எது ஒரு நாள் தாமதித்தாலும் வீடு ஒரு நாள் தாமதிக்கும். இதுதான் முக்கியப் பாதை, இருக்கிற பாதைகளிலேயே நீளமானது. இதே சமயத்தில் தச்சர் கதவு செய்துகொண்டிருப்பார், அவருக்கு 40 நாள் வேலை, அவர் பூஜ்யத்திலேயே தொடங்கினால் 40-இல் முடிப்பார், கதவு தேவைப்படுவதோ 75-இல். நடுவில் 35 நாள் இடைவெளி. அவர் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் எனக்குத் தூக்கம் கெட வேண்டியதில்லை. பைப் புதைக்கிற எலக்ட்ரீஷியன் ஒரு நாள் வராவிட்டால்தான் கெட வேண்டும். முன்னோக்கி எண்ணினால் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு சீக்கிரம் தொடங்கலாம் என்று தெரியும், கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எவ்வளவு தாமதமாகத் தொடங்கலாம் என்று தெரியும், இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இல்லாத வேலைகள் எவையோ அவைதான் பாதை. கூட்டலும் கழித்தலும் தவிர இதில் வேறு கணக்கு கிடையாது.

1957-இல் அமெரிக்காவில் டூபாண்ட் என்ற ரசாயன நிறுவனத்தில் இருந்த மோர்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனத்தில் இருந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து இந்த முறையை உருவாக்கினார்கள். லூயிவில் நகரில் இருந்த தொழிற்சாலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது இதைப் போட்டுப் பார்த்ததில், சராசரியாக 125 மணி நேரம் நிறுத்த வேண்டியிருந்தது 93 மணி நேரமாகக் குறைந்தது. ஆட்களை அதிகம் போட்டோ விரட்டியோ இது வந்துவிடாது. எந்த வேலையைத் துரிதப்படுத்தினால் பலன், எதைத் துரிதப்படுத்துவது வீண் என்று தெரிந்தால்தான் வரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், பெயிண்டரிடம் "சீக்கிரம் வாங்க" என்று நூறு போன் செய்வதைவிட, அவருக்கு முன்னால் நிற்கிற பூச்சு வேலைக்கு இன்னொரு கொத்தனாரைச் சேர்ப்பது உதவியது.

79 நாள் என்று வந்ததும் செப்டம்பர் 20-இலிருந்து எண்ணினேன், டிசம்பர் 8. கிரகப்பிரவேசத்துக்கு அம்மா குறித்து வைத்திருந்தது ஜனவரி 28. கையில் 51 நாள் மிச்சம் என்று அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் நாள்காட்டியைப் பார்த்தேன். கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, கொத்தனாருக்குத் தெரியும். முட்டின் 14 நாளும் பூச்சு நனைக்கும் 7 நாளும் ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் ஓடும், அது 21 நாள். மற்ற 58 நாளும் ஆள் செய்கிற வேலை, வாரத்துக்கு ஆறு நாள் என்றால் அது 68 நாள்காட்டி நாள் ஆகும். ஆக 89. நடுவில் தீபாவளி வருகிறது, ஊருக்குப் போகிறவர்கள் போய்த் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், 9 நாள் என்று போட்டால் 98. செப்டம்பர் 20-இலிருந்து 98 நாள் டிசம்பர் 27. 51 நாள் மிச்சம் என்பது 32 நாளாகச் சுருங்கிவிட்டது. பெரிய திட்டமிடல் மென்பொருள்களில் நாள்காட்டியை வேலைக்கு ஒன்றாக வைக்க வசதி இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. தொட வேண்டும்.

உள்பூச்சுக்கு 20 நாள் எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. மேஸ்திரியிடம் "எத்தனை நாள்?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் ஒற்றைப் பதில்தான் வரும், அதில் அவருடைய நம்பிக்கை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று தெரியாது. அதனால் மூன்று கேள்வி. எல்லாம் கூடி வந்தால் எத்தனை நாள்? 12. வழக்கமாக எத்தனை நாள்? 18. மழை, ஆள் பற்றாக்குறை, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வராதது எல்லாம் சேர்ந்தால்? 36. குறைந்ததையும், வழக்கமானதை நான்கால் பெருக்கியதையும், அதிகபட்சத்தையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும்: 12, 72, 36 சேர்த்து 120, ஆறால் வகுத்தால் 20. அதிகபட்சத்திலிருந்து குறைந்ததைக் கழித்து ஆறால் வகுத்தால் 4, அதாவது இந்த 20 எவ்வளவு ஆடும் என்பதற்கு ஓர் அளவு. பெர்ட் என்று பெயர் பெற்ற இந்த முறை 1958-இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கியது. அதுவரை யாரும் செய்து பார்க்காத வேலைகள், அனுபவத்தைக் கேட்டு நாள் சொல்ல வழியில்லை, அதனால் நாளோடு நிச்சயமின்மையையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. 1960 ஜூலை 20-இல் ஜார்ஜ் வாஷிங்டன் நீர்மூழ்கியிலிருந்து முதல் போலாரிஸ் கடலுக்கடியிலிருந்து பாய்ந்தது. அந்த வெற்றியில் பெர்ட்டின் பங்கு எவ்வளவு என்பதில் பின்னாளில் எழுதியவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அதன் சூத்திரத்தைவிட அந்த மூன்று கேள்விகள்தான் பெரிது. 36 என்று சொன்னதும் மேஸ்திரி தானாகவே "எம்-சாண்ட் லாரி மழை பேஞ்சா கரிசலுக்குள்ள வராது தாயி, முன்னாடியே ரெண்டு லோடு இறக்கி வச்சிருவோம்" என்றார். ஒற்றைக் கேள்வி கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

அடுத்து, ஆட்கள். காகிதத்தில் வெளிப்பூச்சு 16-ஆம் நாளே தொடங்கலாம், 12 நாள் வேலை, 7 நாள் நனைப்பு, 35-இல் முடிந்துவிடும், பெயிண்டர் வருவது 61-இல், ஆகவே 26 நாள் இடைவெளி என்று இருந்தது. ஆனால் உள்பூச்சு பூசுகிற அதே கொத்தனார்கள்தான் வெளியிலும் பூச வேண்டும். அவர்கள் கை ஓய்வது 42-இல். 42, 12, 7 கூட்டினால் 61. இடைவெளி பூஜ்யம். நூல் எதுவும் காட்டாத ஒரு கட்டு அங்கே இருந்தது, மனிதர்கள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்கிற கட்டு. அதற்கு மேல் அந்த 42-ஆம் நாள் மழைக்காலத்தின் நடுவில் விழுந்தது, எங்கள் பக்கத்தில் அக்டோபர் நவம்பரில் வெளிச்சுவர் பூசுவது நடக்காத காரியம். உட்கார்ந்து யோசித்து, வெளிப்பூச்சை மார்கழிக்கும் வெளிப் பெயிண்டை கிரகப்பிரவேசத்துக்கு அப்புறமும் என்று தள்ளிவிட்டோம். வீட்டுக்குள் பால் காய்ச்ச வெளிச்சுவருக்கு வண்ணம் தேவையில்லை. அம்மாவுக்கு இதில் வருத்தம்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டதால் ஏற்றுக்கொண்டார்.

அந்த 32 நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வழக்கமாக நாம் எல்லோரும் ஒவ்வொரு வேலையிலும் இரண்டு நாள், மூன்று நாள் என்று ஒளித்து வைப்போம். டைல்ஸ்காரர் 12 நாள் ஆகும் என்பதை 15 என்பார், நான் அதை 18 என்று எழுதுவேன். அப்படி ஒளித்த நாட்கள் எப்போதும் காணாமல் போய்விடும், ஏனென்றால் 18 நாள் இருக்கிறது என்று தெரிந்தால் வேலை 18 நாளுக்கு நீளும், சீக்கிரம் முடித்தாலும் அடுத்தவர் தயாராக இருக்க மாட்டார். நிர்வாகவியல் எழுத்தாளர் எலியாகு கோல்ட்ராட் 1997-இல் முன்வைத்த வழி, இந்த உதிரி நாட்களையெல்லாம் திரட்டி எல்லோருக்கும் தெரிய கடைசியில் ஒரே மூட்டையாக வைப்பது. நானும் அப்படியே வைத்தேன். தாளின் கடைசியில் "மிச்சம் 32" என்று பெரிதாக எழுதி, செலவாகச் செலவாக அடித்துத் திருத்தினேன். மேஸ்திரியிலிருந்து சித்தாள் அக்கா வரைக்கும் அந்த எண்ணைப் பார்த்தார்கள், "இப்ப எத்தனை?" என்று கேட்பார்கள்.

தாள் என்று சொன்னது கட்டம் போட்ட தாள். மேலே தேதிகள், இடதுபக்கம் வேலைகள், ஒவ்வொரு வேலைக்கும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு பட்டை. இதற்கு 1910-களில் இதைப் பரப்பிய ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் 1896-லேயே கரோல் ஆடமியெட்ஸ்கி என்ற போலந்துப் பொறியாளர் இதற்கு ஒப்பான ஒரு வரைபடத்தைச் செய்திருந்தார். ஹார்மோனோகிராம் என்று பெயர் வைத்தார். அவர் எழுதியது போலிஷிலும் ரஷ்ய மொழியிலும் என்பதால் வெளியுலகத்துக்கு அது அதிகம் போய்ச் சேரவில்லை. இதை முதல்முதலாகப் படித்தபோது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. தமிழில் இந்த மாதிரி விஷயங்களை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டைத் தாளைத் தளத்தில் தொங்கவிடலாம், எல்லோருக்கும் ஒரே பார்வையில் விளங்கும். ஆனால் எது எதைப் பிடித்து இழுக்கிறது என்பது அதில் தெரியாது, அதற்கு நூல் கட்டிய சுவர் வேண்டும். இரண்டும் வேண்டும். சுவரில் யோசிப்பது, தாளில் காட்டுவது.

மென்பொருள் எது என்று கேட்பவர்களுக்கு: ஒரு வீட்டுக்கு நோட்டும் பென்சிலும் போதும், எக்செல் தெரிந்தால் இன்னும் சுலபம். இணைப்புகளோடு கணக்குப் போட வேண்டுமானால் காண்ட்புராஜெக்ட், புராஜெக்ட்லிப்ரே இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. அலுவலகங்களில் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட், பெரிய கட்டுமானங்களில் பிரைமவெரா. எதை எடுத்தாலும் தேதியை நேரடியாகத் தட்டாதீர்கள். எத்தனை நாள், எதற்கு அப்புறம் என்று மட்டும் கொடுங்கள், தேதியை அது சொல்லட்டும். இணைப்பு கொடுக்காமல் தேதியைத் தட்டிவிட்டால் அந்த வேலை அங்கேயே ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும், முன்னால் எது தாமதித்தாலும் அசையாது, எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும். நான் மற்றவர்கள் போட்ட அட்டவணையைச் சோதிக்கும்போது முதல் வேலைக்கு ஒரு பத்து நாளைக் கூட்டிப் பார்ப்பேன். கடைசித் தேதி நகரவில்லை என்றால் அதற்கு மேல் படிக்க மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி கொடுக்கும் நேரம். எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது அப்போதுதான். கூலி கொடுத்து முடித்ததும் தாளை எடுத்து கால்மணி நேரம் பேசுவோம். ஆரம்பத்தில் "எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி முடிந்தது என்பார்கள், அடுத்த வாரமும் முக்கால்வாசி, அதற்கடுத்த வாரம் முக்காலுக்குக் கொஞ்சம் மேல். பொய் சொல்லவில்லை, மிச்சமிருக்கும் மூலை முடுக்கு வேலை கண்ணுக்குத் தெரியாது. கேள்வியை மாற்றினேன். "இன்னும் எத்தனை நாள் வேலை இருக்கு?" இதற்குப் பதில் சொல்ல அவர்கள் மனதுக்குள் அறை அறையாக நடந்து பார்க்க வேண்டும், அதனால் எண் சரியாக வரும். அந்த எண்ணைத்தான் தாளில் எழுதினேன். கூடவே அடுத்த மூன்று வாரத்தில் தொடங்கப்போகிற வேலைகளை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லியாச்சா, ஆள் சொல்லியாச்சா, காசு இருக்கா என்று கேட்போம். நிலை வாசலுக்குப் பிறகு இந்த மூன்று கேள்வியை ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை.

மழை 8 நாளை எடுத்துக்கொண்டது, முன்பே இறக்கிய எம்-சாண்ட் இல்லையென்றால் இரண்டு மடங்காகியிருக்கும். டைல்ஸ் கடையில் நாங்கள் தேர்ந்தெடுத்தது இருப்பு இல்லாமல் 5 நாள். பெயிண்டர் வேறு வீட்டை முடிக்காமல் வர முடியாமல் 6 நாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் 19-ஆம் தேதிதான் திரும்பினார்கள், மிச்சமிருந்த இரண்டு நாள் வேலையை முடிக்கும்போது ஜனவரி 20. தாளில் எண் 8 என்று நின்றது. அந்த எட்டு நாளில் அம்மா தரையை மூன்று தடவை கழுவினார், சமையலறையில் எந்தப் பாத்திரம் எங்கே என்று முடிவு செய்தார், சொந்தக்காரர்களுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்தார். 28-ஆம் தேதி விடிகாலையில் பால் பொங்கியது. வெளிச்சுவர் சாம்பல் நிறத்திலேயே இருந்தது, அதற்கு மாசியில் வண்ணம் அடித்தோம்.

போன மாதம் மேஸ்திரி புது மனை ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். வீட்டுக்காரரிடம் அவர் முதலில் கேட்டது, "தச்சர்கிட்ட நிலைக்கு மரம் சொல்லியாச்சாண்ணே?" அங்கே இன்னும் கோடுகூடப் போடவில்லை.